பெட்டிக்குக் காற்றா தண்ணீரா

மாடி வீட்டில் கம்ப்யூட்டர் கிளம்பினால் தெருவில் யாருக்கும் தெரியாமல் போகாது. முதலில் மெல்லிய ஒரு விசில். அப்புறம் ஒரு சீறல். கொஞ்ச நேரத்தில், விமானம் ஒன்று மாடிப்படியில் மாட்டிக்கொண்டு ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் கத்துவது போல ஒரே இரைச்சல். கீழ்வீட்டம்மா அண்ணாந்து பார்த்து, "வந்துட்டாருய்யா மகராசன் வேலைக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் டி.வி.யைக் கூட்டி வைப்பாள். ஆக, தெருவுக்கு இரண்டு இரைச்சல்.

அந்த மகராசனுக்குத் தெரு வைத்த பெயர் பெட்டிக்காரன். இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்தது போல, வாசலில் மரம் அசைய, ஜன்னலில் வெயில் விழ, படமாகச் செய்து கொடுப்பது அவன் தொழில். தன் வீட்டு மாடிப்படிக் கைப்பிடி ஆடுவதைக் கவனிக்க மட்டும் அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை. அந்தப் படங்களுக்குக் கம்ப்யூட்டரின் சாதாரண வேகம் போதாதாம். கடையில் கொடுத்த வேகத்துக்கு மேல் தன் கையாலேயே முடுக்கி விட்டிருந்தான். ஓவர்கிளாக் என்று அதற்குப் பெயர். முடுக்கினால் சூடேறும்; சூடேறினால் விசிறி வெறி பிடித்துச் சுற்றும். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிப் போட்டு, சமையலறை டேபிள் ஃபேனையும் தூக்கிவந்து அதன் முகத்துக்கு நேரே வைத்திருந்தான். மனுஷர்கள் வேர்த்து வழிய, பெட்டிக்கு ராஜ உபசாரம்.

உபசாரம் செய்தும் அது அடங்கவில்லை. கோடை முற்றியதும் வேலைக்கு நடுவில் தானாக அணைய ஆரம்பித்தது. பாதி கட்டிய கோபுரம் திரையிலிருந்து மறையும். பெட்டிக்காரன் தலையில் கை வைத்து உட்காருவான்.

"மாத்தியே ஆகணும்" என்றான் மனைவியிடம், சாப்பிடும்போது. "ரெண்டு வழி இருக்கு. இதைவிடப் பெரிய விசிறி வாங்கிப் போடலாம். சூடு குறையும், சத்தம் குறையாது. இல்லன்னா தண்ணி. உள்ள தண்ணி ஓடிக்கிட்டே இருந்து சூட்டை எடுத்துரும். சத்தமே இருக்காது. அப்பா பாவம், எவ்வளவு நாள்தான் இந்த இரைச்சல்ல படுத்திருப்பார்? தண்ணியே போட்டுரலாம்."

"விசிறியே போடுங்க" என்றாள் மனைவி.

அவன் கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. இத்தனை காலம் அந்த இரைச்சலை வைது தீர்த்தவள் அவள்தான். ஒரு முறை கோபத்தில் பெட்டிமேல் போர்வையைப் போர்த்தப் போனவள்.

"உனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கரண்ட்டுக்குப் பக்கத்துல தண்ணியா? எனக்குப் பயமா இருக்கு."

அது பயமே இல்லை. அவளுடைய மாமனார் சம்பந்தப்பட்ட விஷயம் அது.

மாமனார் பல் டாக்டர். அந்த வட்டாரத்தில் அவர் விரல் படாத வாய் கிடையாது. கீழ்வீட்டம்மாவின் சிரிப்பே பாதி அவர் கட்டிக் கொடுத்ததுதான். நல்ல உயரம், மடிப்புக் கலையாத சட்டை, யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைப் பார்க்கிற வழக்கம். நோய் வந்து எலும்புக்குள் இறங்கிய பிறகு மகன் வீட்டுக்கு வந்தார். ஹாலை நடுவில் பலகை அடித்துத் தடுத்தார்கள். இந்தப் பக்கம் அவர் கட்டில், அந்தப் பக்கம் பெட்டி. மருமகள், தான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் நீண்ட லீவு சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவருக்கு இடுப்பில் வலி. சாதாரண வலி இல்லை. உடம்பைத் துடைக்க ஒருக்களித்துத் திருப்பும்போது அவர் முகம் சாம்பல் நிறமாகும். ஆனால் வாயிலிருந்து ஒரு சத்தம் வராது. மருமகளுக்கு ஆரம்பத்தில் இது பிடிபடவில்லை. பெட்டி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்த ஒரு காலை, திருப்பும்போது அவர் வாய்விட்டு அலறினார். அலறிவிட்டு, திகைத்து நின்ற அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"கிளினிக்ல கம்ப்ரஸர்னு ஒண்ணு வெச்சிருந்தேன் இல்ல? காத்து அடிக்கிற மெஷினு. தேவையோ இல்லையோ ஓட விட்டிருப்பேன். உள்ள இருக்கிறவன் கத்துறது வெளிய வரிசையில இருக்கிறவனுக்குக் கேட்டா அவன் எந்திரிச்சு ஓடிருவானே. சத்தம் இருக்கும்போது கத்திக்கணும்மா. யாருக்கும் நஷ்டமில்ல."

"மாமா, இவ்வளவு வலியா? அவர்கிட்ட சொல்லி மருந்தைக் கூட்டச் சொல்லட்டுமா?"

"சொல்லாத." குரல் சட்டென்று டாக்டர் குரல் ஆகிவிட்டது. "அவன் தாங்க மாட்டான். அவன் மூஞ்சில அதை நான் பாக்க மாட்டேன். சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டாள். பண்ணியிருக்கக் கூடாது, ஆனால் சாம்பல் முகத்தோடு ஒரு மனுஷர் கையை நீட்டினால் யார்தான் என்ன செய்வார்கள்? அன்றிலிருந்து அவரைத் துடைப்பது, திருப்புவது, விரிப்பு மாற்றுவது எல்லாம் பெட்டி இரைகிற நேரத்துக்கு மாறின. தெரு காதைப் பொத்திக்கொண்ட நேரத்தில்தான் அந்த வீட்டில் ஒருவர் மூச்சு விட்டார்.

பெட்டிக்காரனோ நல்ல பிள்ளை. அதுதான் வினை. அப்பாவைப் பார்க்க வரும்போதெல்லாம் மரியாதைக்குப் பெட்டியை நிறுத்திவிட்டு வருவான். நிறுத்தினதும் பல் டாக்டர் வாயைப் பூட்டிக்கொள்வார்.

"வலி இருக்காப்பா?"

"எனக்கென்னடா வலி? கீழ்வீட்டம்மா மறுபடியும் கடைவாய்ல வெல்லத்தை அடக்கிக்கிட்டுப் பேசுறா. இங்க வரைக்கும் கேக்குது. அதுதான் வலி."

மகன் சிரித்துக்கொண்டே போவான். வாரம் ஒரு முறை வருகிற நர்ஸ், "மருந்தைக் கொஞ்சம் கூட்டலாம்னு ஆஸ்பத்திரி டாக்டர் சொல்றார். நீங்க சம்மதிச்சா" என்று கேட்கும்போதெல்லாம் அவன் தலையை ஆட்டி மறுத்துவிடுவான். "வேண்டாங்க. அவருக்குத்தான் வலியே இல்லையே. எங்க அம்மாவுக்கு இப்படித்தான் கூட்டினாங்க. அதுக்கப்புறம் அவங்க என் பேரைச் சொல்லிக் கூப்பிடவே இல்ல. இவர் நல்லா பேசிட்டு இருக்கார். பேசட்டும்." நர்ஸ் மருமகளைப் பார்ப்பாள். மருமகள் விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருப்பாள்.

இப்படி இருக்கும்போது சத்தமில்லாத பெட்டி வந்தால்? அவள் ஏன் விசிறிக்கு வக்காலத்து வாங்கினாள் என்பது இப்போது விளங்கும்.

கடைக்கு அவளும் கிளம்பினாள். அந்த நேரத்துக்கு மாமனாருக்குத் துணையாக உட்கார வந்த கீழ்வீட்டம்மா, "பெட்டி வாங்கப் போற கடைக்குப் பொண்டாட்டி எதுக்கு?" என்று ஒரு கேள்வியைப் போட்டுப் பார்த்தாள். பதில் வராததால் அதைத் தெருவில் நாலு பேரிடம் கேட்டுக்கொண்டாள்.

கடைக்காரர் வாயாடி. கம்ப்யூட்டர் பாகங்களைக் கல்யாணப் பெண்ணைக் காட்டுவது போலத் துணியால் துடைத்துத் துடைத்துக் காட்டுகிறவர்.

"எவ்வளவு முடுக்கியிருக்கீங்க?" என்றார். பெட்டிக்காரன் சொன்னான். கடைக்காரர் கண்ணை மூடித் திறந்தார். "பாவம் சார் அது. வாயில்லா ஜீவன். அதுக்கு விசிறியெல்லாம் கட்டுப்படியாகாது. தண்ணிதான்."

"தண்ணி ஒழுகினா?" என்றாள் மருமகள்.

"ஒழுகாதும்மா. கார்ல ரேடியேட்டர் இருக்குல்ல? அதோட குட்டி இது. குழாய் ரெண்டையும் கம்பெனிலயே சீல் பண்ணி அனுப்புறான். நீங்க தண்ணி ஊத்த வேண்டியதும் இல்ல, மாத்த வேண்டியதும் இல்ல."

"உள்ள இருக்கிற மோட்டார் நின்னுட்டா?"

"நின்னுட்டா பெட்டி தானா அணைஞ்சுக்கும்."

"இப்பவும் அதானே அணையுது? அப்போ பெரிய விசிறி போதும்ல? இல்லன்னா வேகத்தைக் கொஞ்சம் குறைச்சு ஓட்டட்டுமே. ஒரு செலவும் இல்ல."

"வேகத்தைக் குறைச்சா ஒரு படம் முடிய ரெண்டு பங்கு நேரமாகும். இருக்கிற வேலையும் கையை விட்டுப் போயிரும்" என்றான் பெட்டிக்காரன் பொறுமை இழந்து. கடைக்காரரைப் பார்த்து, "வீட்டுல அப்பா படுக்கையில இருக்கார். அவருக்காகத்தான் சத்தம் இல்லாம பாக்குறேன். இவ என்னடான்னா..."

"அட, அதைச் சொல்லுங்க முதல்ல!" கடைக்காரர் எழுந்து உள்ளே கூட்டிப்போனார். மேஜைமேல் ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியே இரண்டு கறுப்புக் குழாய்கள், மேலே சல்லடை போட்ட தகடு, அதன் பின்னால் சோம்பேறித்தனமாகச் சுற்றும் விசிறிகள். "இது உங்க பெட்டி மாதிரியே முடுக்கினதுதான். காலைலேர்ந்து முழு வேகத்துல ஓடுது. காதை வெச்சுப் பாருங்கம்மா. தேடினாலும் கிடைக்காது."

அவள் குனிந்து காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றுமில்லாததற்கு நடுவே கடையின் முன்பக்கம் யாரோ செருமுவது கேட்டது. தெருவில் ஒரு சைக்கிள் செயின் கரகரப்பது கேட்டது. பக்கத்தில் நிற்கிற கணவனின் மூச்சு கேட்டது.

குனிந்தவள் நிமிர வெகு நேரமாயிற்று. இந்த அமைதி தன் வீட்டுப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தால், இந்தப் பக்கம் ஒருவர் பல்லைக் கடிக்கிற சத்தம்கூட மகன் காதில் விழும். அவள் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. செய்த சத்தியம் பத்திரமாக இருக்கும். ஆனால் அந்த மனுஷருக்கு மிச்சமிருக்கிற ஒரே மறைப்பை உருவியவள் அவளாக இருப்பாள். விசிறி வாங்கினால் அவர் மானம் காப்பாற்றப்படும், வலி அப்படியே இருக்கும். தண்ணீர் வாங்கினால்? வலி குறையலாம். குறைந்தபின் அவர் இவள் முகத்தில் விழிப்பாரா என்பது வேறு விஷயம்.

"என்னம்மா, கேக்குதா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தண்ணியே குடுங்க."

"பாத்தீங்களா சார், என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கு" என்று கடைக்காரர் மார் தட்டிக்கொண்டார். பெட்டிக்காரன் மனைவியை ஒரு மாதிரி பார்த்தான். வழியெல்லாம் அவள் அட்டைப்பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள், ஏதோ அது குதித்துத் தப்பிவிடும் போல.

மாட்டுகிற வேலையைப் பல் டாக்டர் படுத்தபடியே மேற்பார்வை பார்த்தார். தடுப்புக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். பழைய விசிறியைக் கழற்றி, கம்ப்யூட்டர் சில்லின்மேல் காய்ந்திருந்த, சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்து, மகன் புதுப் பசையை அப்பியபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா, சட்னியா தடவுற? மெல்லிசா வை. ஓரத்துல பிதுங்கினா அப்புறம் வழிச்சு எடுக்கணும். பல் அடைக்கிறப்போ பாத்ததே இல்லையா நீ?"

"பாக்க விட்டீங்களா? வாயைத் திறந்து கண்ணை மூடுன்னுதானே சொல்வீங்க."

"உனக்கு அப்படித்தான் சொல்லணும். நீ ஊசியைப் பாத்தாலே அழுவ."

சிரித்தார்கள். வேலை முடிந்தது. பெட்டிக்காரன் பொத்தானை அழுத்தி, பெரிய படம் ஒன்றை ஓட விட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். நிசப்தம். கீழே டி.வி. மட்டும் கத்திக்கொண்டிருந்தது, சற்று நேரத்தில் அதுவும் தயங்கித் தயங்கிக் குறைந்தது.

"இது ஓடுதா?" என்றார் பல் டாக்டர்.

"முழு வேகத்துல ஓடுதுப்பா."

"இனிமே இப்படித்தானா? எப்பவுமே?"

"எப்பவுமே! இனிமே நிம்மதியா தூங்குங்க."

"சரி" என்றார். மகன் அந்தப் பக்கம் போனதும் மருமகளைப் பார்த்தார். குரலைத் தணித்து, "நீ தடுத்திருக்கலாமேம்மா" என்றார்.

"தடுத்துப் பாத்தேன் மாமா."

பாதி உண்மை. பாதி உண்மையைச் சொல்கிறவர்கள் பார்க்கிற இடத்தில்தான் அவளும் பார்த்தாள்: தரையில்.

அடுத்தடுத்த காலைகளில் அவள் தனியாகத்தான் அவரைத் துடைத்தாள். துண்டின் நுனியை அவரே வாயில் திணித்துக்கொள்வார். கட்டில் சட்டத்தைப் பிடித்த கை வெளுத்துப்போகும். சத்தம் வராது. ஒரு நாள் துண்டை எடுத்தபோது கீழுதட்டில் ரத்தம். அவள் கண் கலங்கினால், "என்ன, யார் செத்துட்டாங்க?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்பார். பலகைக்கு அந்தப் பக்கம் பெட்டிக்காரன் உற்சாகமாக ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பான். "அப்பா எவ்வளவு அமைதியா இருக்கார் பாத்தியா? எல்லாம் அந்தச் சத்தம்தான் படுத்தியிருக்கு" என்று அவளிடமே பெருமைப்பட்டுக்கொண்டான். தெருவும் பாராட்டியது. "பையன் தங்கம். அப்பனுக்காகப் பெட்டியையே ஊமையாக்கிட்டான்" என்றாள் கீழ்வீட்டம்மா.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அமைதி தானாக எதையும் சொல்லிவிடாது. அவருடைய பிடிவாதம் அமைதியைவிடப் பெரிது. தான் நினைத்தது நடக்கவில்லை. நடந்ததெல்லாம், அவருக்கு இருந்த கொஞ்ச நேர விடுதலையும் பறிபோனதுதான். பறித்தவள் அவளேதான். பறித்ததோடு நிறுத்திக்கொள்ள இனி முடியாது.

மறுநாள் காலை, உடம்பு துடைக்கிற வெந்நீர்ப் பேசினைக் கட்டில் அருகில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தாள். "என்னங்க, இங்க ஒரு கை பிடிங்க."

"அவன் எதுக்கு?" என்றார் பல் டாக்டர் உடனே. "வேலையா இருப்பான்."

"விரிப்பை ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் பிடிச்சுத்தான் திருப்பணும்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க மாமா. நான் ஒருத்தியா செஞ்சது தப்பு."

"இத்தனை நாள் இல்லாம..."

மகன் வந்துவிட்டான். கையைத் தேய்த்துக்கொண்டு, "எங்க பிடிக்கணும்?" என்றான். பல் டாக்டரின் கை துண்டைத் தேடியது. துண்டு அவள் தோளில் இருந்தது. அவள் அதைக் கொடுக்கவில்லை.

"அந்த ஓரத்தை இழுங்க. மெதுவா."

அவனுக்கு மெதுவாக இழுக்கத் தெரியாது. பழக்கம் இல்லாத கை. ஒரே இழுப்பில் இழுத்துவிட்டான். பல் டாக்டரின் தொண்டையிலிருந்து கிளம்பியது சொல்லும் இல்லை, அழுகையும் இல்லை. தெருமுனை வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். கீழே டி.வி. சட்டென்று நின்றது.

பெட்டிக்காரன் விரிப்பை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "என்னாச்சு? நான் என்ன பண்ணேன்? அப்பா?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது.

மருமகள் மீதி வேலையைத் தனியாகவே முடித்து, அவரைச் சாய்த்துப் படுக்க வைத்தாள். சமையலறையில் பெட்டிக்காரன் நின்றுகொண்டே இருந்தான்.

"இது எவ்வளவு நாளா?"

"அவர் இங்க வந்ததுலேர்ந்து."

"நான் பக்கத்துலதானே இருந்தேன்?"

"நீங்க பெட்டியை ஓட விட்டப்போதான் கத்துவார்."

அவனுக்கு அது புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் தரையில் உட்கார்ந்தான். "நான் வேண்டாம் வேண்டாம்னு நர்ஸைத் திருப்பி அனுப்பினப்போ நீ பக்கத்துலதானே நின்ன? வாயில என்ன வெச்சிருந்த?"

"சத்தியம் வாங்கிட்டார்."

"அதுக்காக?"

அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதான். அழுதுகொண்டே, "கடையில தண்ணியே குடுங்கன்னது..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டான். அவள் பேசினைத் தேய்த்துக் கழுவினாள். அழுக்கே இல்லாத பேசினை.

நர்ஸ் அன்றைக்கே வந்தாள். ஆஸ்பத்திரி டாக்டரிடம் பேசி மருந்தைக் கூட்டினாள். "தூக்கம் அதிகமா வரும். பேச்சு குறையலாம்" என்று முன்கூட்டியே சொன்னாள். பெட்டிக்காரன் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான். சொட்டு மருந்தை அவனே புகட்ட வந்தபோது பல் டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கை கழுவினியா?"

"கழுவினேன்பா."

"நகத்தைக் காட்டு."

காட்டினான். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

நர்ஸ் சொன்னபடியே நடந்தது. பகலில் பாதி தூக்கம். கீழ்வீட்டம்மாவின் கடைவாயைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் மகனிடம் ஓரிரு வார்த்தை பேசுவார். மருமகள் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். தெருவில் அதற்கும் ஒரு கதை கட்டினார்கள்: மருமகள் ஏதோ சூடாகச் சொல்லிவிட்டாளாம். அவள் மறுக்கவில்லை. வேளை தவறாமல் கஞ்சி கொடுத்தாள், உதட்டுக் காயத்துக்குக் களிம்பு தடவினாள், மூடிய கண்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நல்லதைச் செய்தோமா என்று யாரிடம் கேட்பது? கேட்கக்கூடிய ஒரே ஆள் பேசாமல் இருந்தார்.

ஒரு காலை பேசினோடு அவள் வந்தபோது கண்கள் திறந்தே இருந்தன.

"உன் மேல கோவந்தான்" என்றார். மருந்தில் நாக்கு தடித்திருந்தது.

"தெரியும் மாமா."

"துண்டைத் தரல நீ. பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"ஆமா, தரல."

"கோவம் சீக்கிரம் போயிரும்னு நினைக்காத. அது போற வரைக்கும் நான் இருக்கணுமே, அதுதான் யோசனை." அவர் முகத்தில் சிரிப்பு போல ஒன்று வந்து, பாதியிலேயே களைத்துப் போயிற்று. "அவனைக் கூப்பிடு. திருப்புங்க. முதுகு வேகுது."

அவள் கூப்பிட்டாள். பெட்டிக்காரன் ஓடிவந்து விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தான். இழுக்கத் தொடங்கியதுமே பல் டாக்டர் மகனின் மணிக்கட்டைப் பற்றினார்.

"மெல்லடா. அங்கதான். அங்க வலிக்குது."

"சரிப்பா" என்றான் மகன். விரிப்பை விரல் விரலாக இழுத்தான். அவர் முனகினார், அவன் நின்றான், அவர் "ம்" என்றதும் மறுபடி இழுத்தான்.